காப்பெல்லையும் அறமும்: பிலிகிரி ரங்கன் மலைச் சோளகரை முன்வைத்து

முன்னுரை

2022 திசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மாண்ட்ரியல் உடன்பாடு, 2030-க்குள் உலகின் நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 விழுக்காட்டைக் காப்புக்குள் கொணர இலக்கு வகுத்துள்ளது. காப்பெல்லை விரிய வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்விரிவின் சுமையை யார் ஏற்பது என்பதே அறவினா. கருநாடக மாநிலம் சாமராசநகர் மாவட்டத்துப் பிலிகிரி ரங்கன் மலையை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லையும் வாழ்வும்

இம்மலைக்காடு 1974-இல் காட்டுயிர்ப் புகலிடமாக்கப்பட்டது. 1987-இல் ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அங்கு வாழும் சோளகரின் காட்டெரிப்பு வேளாண்மையும் வேட்டையும் முடிவுக்கு வந்தன. அவர்கள் நிலையான குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். தேன், நெல்லிக்காய் முதலியவற்றை விற்பனைக்குத் திரட்டுவதும் 2006-இல் தடுக்கப்பட்டது. கோடைத் தொடக்கத்தில் சருகுகளுக்கு அவர்கள் இட்டுவந்த சிறு தீயும் குற்றமாயிற்று. அத்தீ நின்றதனாலேயே உண்ணிச்செடி காடெங்கும் பரவியது என்பர் சோளகர். அது ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. எனினும் சூழலியல் ஆய்வாளர் அக்கருத்தை உரிய முறையில் ஆராயத் தலைப்பட்டனர். இழப்பு வாழ்வாதாரத்தோடு நிற்கவில்லை; காட்டைப் பற்றிய அறிவும் அதனுள் அடங்கும்.

அறநிலை

மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளை இணைக்கும் இக்காடு யானைக்கும் புலிக்கும் இன்றியமையாதது. வாய்பேசா உயிர்களுக்காக மனிதர் சில விட்டுக்கொடுத்தல் முறையே என்னும் வாதம் வலுவுடையது. ஆயின் எல்லை வகுப்போர் ஒருவர், இழப்போர் மற்றொருவர் எனும்போது அது விட்டுக்கொடுத்தலாகாது, பறித்தலாகும். தானே இசைந்து தருவதே ஈகை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளது: காட்டுயிர்களுக்கு மீளாத் தீங்கு நேர்வதும், உடனுறைதல் இயலாமையும் நிறுவப்பட்டு, கிராம சபையின் தெளிந்த இசைவும் பெற்ற பின்னரே குடிகளை இடம்பெயர்க்கலாம் என்கிறது. புலிகள் காப்பகமான இம்மலையில் 2011-இல் சோளகரின் சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்டமை, காப்பும் உரிமையும் ஒருங்கே நிற்கவியலும் என்பதற்குச் சான்று.

முடிவுரை

தொல்காப்பியம் கருப்பொருளுள் விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு மக்களின் உணவையும் தொழிலையும் ஒருசேர எண்ணுகிறது. அது கவிதையியல், ஆட்சிக்கு விதியாகாது. எனினும் நிலத்தினின்று மாந்தரைப் பிரித்து நோக்கும் பார்வை ஒன்றே இயல்பானது அன்று என்பதை அது உணர்த்துகிறது. காப்பெல்லை விரிக, இழப்போரின் இசைவு பெற்று விரிக.