சொல்லாமற் செல்லுதல்: ஓர் அறவியல் நோக்கு

மணவாழ்க்கையில் வன்முறைக்கு ஆளாகிய பெண்ணை நோக்கிச் சமூகம் இரு வினாக்களைத் தொடுப்பதுண்டு. அவள் அவ்வீட்டில் இருக்கும்வரை, “ஏன் இன்னும் அவனோடு இருக்கிறாள்?” என்பது முதல் வினா. அவள் வெளியேறிய பின்னர், “ஒரு சொல்லுஞ் சொல்லாமல் களவாக ஏன் போனாள்?” என்பது இரண்டாவது வினா. முதல் வினா அவளது துணிவை ஐயுறுகிறது. இரண்டாவது அவளது நேர்மையை ஐயுறுகிறது. இவ்விரண்டையும் ஒருவரே, ஒரே பெண்ணைக் குறித்து, சில நாள் இடைவெளியிற் கேட்பதும் அரிதன்று. முதல் வினாவைப் பற்றிச் சமூகவியலாளர் பலர் எழுதியுள்ளனர். இரண்டாவது வினாவோ அறவியலுக்கு உரியது. தன்னைத் துன்புறுத்துங் கணவனுக்கு அறிவியாது, தன் எண்ணத்தை மறைத்து, வேண்டியவிடத்துப் பொய்யும் உரைத்து ஒருத்தி வீட்டை விட்டு நீங்குவது அறத்தினின்றும் வழுவுதலாகுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா ஒரு சிலரை மட்டும் பற்றியதன்று. இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடாத்திய பெண்கள் நல்வாழ்வு அளவீட்டின்படி, கணவனையோ துணைவனையோ உடையவராயிருந்த பெண்களுள் 20.4 சதவீதத்தினர் தம் வாழ்நாளில் அத்தகைய ஒருவனின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். ஐவருள் ஒருவர் என்பது இதன் பொருள். விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்போருள்ளும் இத்தகைய இல்லங்களினின்றும் வந்தோர் இருப்பர் என்பதை மனங்கொண்டே இப்பொருளை அணுகுதல் வேண்டும்.

மறைவு ஏன் வேண்டப்படுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் அவசியமாகும். வீட்டை விட்டு நீங்கியதும் ஆபத்து நீங்கிவிடும் எனப் பலர் கருதுவர். ஆய்வுகள் காட்டுவதோ வேறு. அமெரிக்காவின் பதினொரு நகரங்களிற் கொலையுண்ட பெண்களின் வரலாறுகளையும், வன்முறைக்கு ஆளாகியும் உயிர் தப்பிய பெண்களின் வரலாறுகளையும் ஜக்குலின் கம்பெல் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் ஒப்பிட்டு, 2003இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மனைவியை மிகுதியும் அடக்கியாளும் இயல்புடையவனோடு கூடி வாழ்ந்து பின் பிரிந்த பெண்ணுக்குக் கொலையுண்ணும் ஆபத்து ஏறத்தாழ ஒன்பது மடங்காக உயர்வதை அவ்வாய்வு கண்டது. 2008இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, முன்னர் ஒருமுறையேனும் கழுத்து நெரிக்கப்பட்டமை பிற்காலக் கொலைக்குரிய முக்கியமான அறிகுறி என நிறுவியது. இத்தகையவனது அடியும் வசவும் அவனது கோபத்தின் விளைவுகள் மாத்திரமல்ல. அவளைத் தன் ஆட்சிக்குள் வைத்திருத்தற்கு அவன் கைக்கொள்ளும் கருவிகளுமாம். அவள் நீங்குகின்ற வேளையே அவ்வாட்சி முறிகின்ற வேளையாகும். முறிவதற்கு முன்பே அவன் அதனை அறிந்துகொள்வானாயின், அதனைத் தடுத்தற்கு அவன் எதுவரை செல்வான் என்பதை எவராலும் அளந்து கூற இயலாது.

“அடிக்கிற கைதான் அணைக்கும்” என்பது தமிழரிடை வழங்கும் ஒரு பழமொழி. அடியைப் பொறுத்துக்கொள்ளுமாறு ஆறுதல் கூறுதற்கே இது பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. லெனோர் வோக்கர் என்னும் உளவியலாளர் 1979இல் வெளியிட்ட நூலில் வன்முறை நிகழும் இல்லங்களில் ஒரு சுழற்சியை இனங்கண்டார். பதற்றம் முதிர்தல், வன்முறை வெடித்தல், பின்னர் வருந்தி இரந்து அன்பு காட்டுதல் என்பன அதன் மூன்று கட்டங்களாம். எல்லா இல்லங்களும் இச்சுழற்சிக்குள் அடங்குவதில்லை எனப் பின்வந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனராயினும், அப்பழமொழியை மறுமுறை சிந்திக்க இது இடந்தருகிறது. அணைத்தலானது அடித்தலுக்குப் பரிகாரமாகாது அதன் மறுபாதியாகவும் இருத்தல் கூடும். அணைக்கும் வேளையில் மனமிரங்கி, “நான் போகத் தீர்மானித்திருந்தேன்” என உண்மையைக் கூறிவிடும் பெண், அடிக்கும் வேளைக்குரிய ஆயுதத்தை அவன் கையிற் கொடுத்தவளாகிறாள்.

இவ்விடத்து இப்சனின் நாடகமொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். 1879இல் வெளிவந்த ‘பொம்மை வீடு’ நாடகத்தின் இறுதியில், நோரா தன் கணவனை எதிரே இருத்தி, தான் நீங்குவதற்குரிய காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்துவிட்டுக் கதவைச் சாத்திச் செல்கிறாள். பெண் விடுதலை பற்றிப் பேசுவோர் பலருக்கு அக்காட்சியே வெளியேறுதலின் இலட்சிய வடிவமாக அமைந்துவிட்டது. நேருக்கு நேர் நின்று, உண்மையை உரைத்து, தலைநிமிர்ந்து செல்வதே வீரம் என்ற எண்ணம் அதனின்றும் பிறக்கிறது. ஆயின், நோராவின் கணவன் சுயநலம் மிக்கவனேயன்றி, கை நீட்டுபவனல்லன். அவள் சொல்வதை மேசையின் மறுபுறத்தே இருந்து கேட்கத்தக்க மனிதன் அவன். உரையாடல் இயலுமாயிருந்த வீட்டினின்றும் நோரா வெளியேறினாள். உரையாடலே இயலாத வீட்டினின்றும் வெளியேறுபவளிடம் நோராவின் விடைபெறுதலை எதிர்பார்ப்பது நீதியாகாது.

எனினும், உண்மையுரைத்தல் எந்நிலையிலும் விலக்கற்ற கடமை என்போரும் உளர். அவருள் தலையாயவர் ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற். தன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைக் கொல்லத் தேடிவரும் ஒருவன் வாயிலில் நின்று வினவும்போதும், விடையிறுத்தே தீரவேண்டிய நிலையிற் பொய்யுரைத்தல் தவறென அவர் 1797இல் வாதித்தார். ஒருவன் கூறும் பொய், மனிதரிடையே சொல்லுக்குள்ள நம்பிக்கையையே சிதைப்பதால் மனிதகுலம் முழுமைக்கும் தீங்காகும் என்பது அவரது நியாயம். அவர் மறுக்கப் புகுந்த கருத்து பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கொன்ஸ்ரன்ற் உடையது. உண்மையைப் பெறும் உரிமையுடையவனுக்கே உண்மையுரைக்குங் கடமை உண்டென்றும், பிறருக்குத் தீங்கிழைக்கும் உண்மையைப் பெறும் உரிமை எவனுக்கும் இல்லையென்றும் கொன்ஸ்ரன்ற் கூறினார்.

இவ்விவாதத்தை மணவாழ்க்கை வன்முறையோடு பொருத்தி நோக்குமிடத்து இரண்டு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, மறைவின் பெரும்பகுதி பொய்யன்று, மௌனமேயாகும். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் சகோதரியிடம் ஒப்படைத்து வைப்பதைக் கணவனுக்குச் சொல்லாதிருப்பவள் எப்பொய்யையும் உரைத்தவளல்லள். கான்றின் கண்டிப்பான நெறியும் மௌனத்தைத் தடைசெய்யவில்லை. மற்றொன்று, கான்றின் உவமையிற் கொலைஞன் வாயிலுக்கு வெளியே நிற்கிறான். இங்கோ வினவுபவன் வீட்டினுள்ளே, சாவியுங் கையுமாக நிற்கிறான். “எங்கே போகிறாய்?” என அவன் கேட்கும்போது மௌனமும் ஒரு விடையாகிவிடும். அந்நிலையில், “அம்மாவுக்குச் சுகமில்லை” என்று அவள் கூறும் பொய்யையே கொன்ஸ்ரன்றின் வாதம் காத்து நிற்கிறது.

தமிழ் மரபு இவ்விடயத்திற் கான்றைக் காட்டிலும் கொன்ஸ்ரன்றுக்கே அணித்தாக நிற்கிறது எனலாம். வாய்மையைப் பற்றி வகுத்துரைக்கும் வள்ளுவர், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறலே வாய்மையென அமைந்துவிடவில்லை. எவர்க்குந் தீமை பயவாத சொல்லையே வாய்மையெனக் கொண்டு, குற்றமற்ற நன்மையைத் தருமிடத்துப் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார். அவரது அளவுகோல் சொல்லினது விளைவைச் சார்ந்தது. புறப்படும் நாளையும் சேருமிடத்தையும் அறிவிக்கும் சொல் ஓர் உயிருக்கு இறுதியாகுமாயின், அச்சொல்லை உரைத்தலே வாய்மைக்கு மாறாகும்.

இதற்கு எதிராக எழுப்பத்தக்க தடைகள் இரண்டு. திருமணம் என்பது இருவர் ஒருவருக்கொருவர் அளித்த உறுதிமொழியாதலின், அதனைத் தனித்தும் மறைந்தும் முறித்தல் துரோகமாகும் என்பது முதலாவது தடை. உறுதிமொழியை முறித்தவர் யார் என்பதே இங்கு எழும் வினா. இதற்கு இலங்கையின் சட்ட மரபே ஒரு விடையைத் தந்துள்ளது. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தீயநோக்குடன் கைவிட்டுச் செல்லுதலை வகுத்தது. உரோமன் டச்சுச் சட்ட மரபைப் பின்பற்றும் நீதிமன்றங்களோ, வீட்டை விட்டுக் காலெடுத்து வைத்தவரே கைவிட்டவர் என எளிதிற் கொள்ளவில்லை. தன் கொடிய நடத்தையால் மற்றவரை வெளியேறும்படி செய்தவர் வீட்டினுள்ளேயே இருந்தாலும், கைவிட்டவர் அவரே எனக் கொள்ளும் கோட்பாடும் அம்மரபில் உண்டு. சட்டம் கண்ட இவ்வுண்மையை ஊர்வாய் இன்னும் காணவில்லை. அன்றியும், யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் மனைவியின் சீதனமாகவே அமைவதுண்டு. தன் பெயரிலுள்ள வீட்டினின்றும் தானே ஓட நேர்ந்தவளைக் ‘கைவிட்டுப் போனவள்’ என்பது கொடுமையிலும் கொடுமையாகும்.

மறைவு என்பது குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குத் தன் பக்கத்தைக் கூறும் வாய்ப்பையும், தந்தை என்ற வகையிற் பிள்ளைகளின் மீது அவனுக்குள்ள உரிமையையும் மறுத்துவிடுகிறது என்பது இரண்டாவது தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்குரிய விடை மறைவின் எல்லையை வரையறுப்பதிலே தங்கியுள்ளது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரோ நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவசரமானவிடத்து இடைக்காலக் கட்டளை பிறப்பிக்கப்படும். விசாரணையின் பின் வழங்கப்படும் கட்டளை பன்னிரண்டு மாதங்கள்வரை நிலைக்கக்கூடியது. துன்புறுத்துபவனை வீட்டிற்குள் நுழையாது தடுத்தற்கும் மன்றுக்கு அதிகாரம் உண்டு. அவ்விசாரணையில் அவன் தோன்றித் தன் பக்கத்தைக் கூறலாம். பிள்ளைகளைப் பற்றிய வழக்கையும் மன்றில் எழுப்பலாம். ஆகவே, புறப்படும் பெண் அவனிடமிருந்து மறைப்பவை காலமும் இடமுமேயாம். நடந்தவற்றை அவள் நீதியின் முன் திறந்து வைக்கிறாள். தன்னை அடிப்பவனே தன் வழக்கின் நீதிபதியாகவும் இருத்தலை மாத்திரமே அவள் மறுக்கிறாள்.

இவ்வெல்லைக்குட்பட்ட மறைவுக்கு ஆயத்தமும் தேவை. திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணி உறுதி, மருந்துகள், சிறிது பணம் ஆகியவற்றை நம்பிக்கையான ஓரிடத்திற் சேர்த்தல், அவன் இல்லாத வேளையைத் தேர்தல், அயலவர் ஒருவரோடு ஆபத்தை உணர்த்தும் ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்தல், காயங்களை வைத்தியசாலைப் பதிவேட்டில் இடம்பெறச் செய்தல் என்பன அத்தகையவை. இன்று கைத்தொலைபேசியும் இதிற் சேர்ந்துவிட்டது. அவன் அமைத்துக்கொடுத்த தொலைபேசி அவள் இருக்குமிடத்தை அவனுக்குக் காட்டிக்கொடுக்கலாம். எனவே உதவி கோரும் அழைப்பைப் பிறிதொருவரின் தொலைபேசியினூடாக எடுத்தலே நன்று. நீங்கிய பின்னரும் எஞ்சிய பொருள்களை எடுக்கத் தனியே திரும்பிச் செல்லுதல் ஆகாது. பொலிஸாரின் துணையுடனேயே செல்லுதல் வேண்டும். இலண்டனின் சிசுவிக் பகுதியில் எரின் பிற்சி என்பார் 1971இல் ஒரு புகலிடத்தைத் தொடங்கிய காலந்தொட்டு நாடுகள் பலவற்றிலும் இத்தகைய இல்லங்கள் எழுந்தன. அவற்றுட் பலவற்றின் முகவரி வெளியிடப்படுவதில்லை. இலங்கையிலும் 1987இல் தொடங்கிய ‘விமன் இன் நீட்’ அமைப்பு, அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ‘நட்பு நிலையங்கள்’, பெண்களுக்கான 1938 என்னும் தொலைபேசிச் சேவை ஆகியன துணைபுரிவனவாக உள்ளன.

இத்துணை ஆயத்தங்களையும் ஒரு வாய் குலைத்துவிட முடியும். இங்கேதான் அறவினா அப்பெண்ணை விட்டுச் சுற்றத்தாரை நோக்கித் திரும்புகிறது. “பாவம், பிள்ளைகளைக் காணாமல் அழுகிறான்” என்று இரங்கி அவளிருக்கும் ஊரைச் சொல்லிவிடும் மாமா, “இருவரையும் கூப்பிட்டு வைத்துப் பேசித் தீர்ப்போம்” எனக் கூறும் ஊர்ப் பெரியவர், மாற்றலாகிச் சென்ற பிள்ளையின் புதிய பாடசாலையை விசாரித்தவனுக்கெல்லாம் அறிவிக்கும் அலுவலர் ஆகியோர் தீயவரல்லர். உறவைப் பேணலும் உள்ளதைச் சொல்லலும் நற்பண்புகள் என்றே அவர்கள் கருதுகின்றனர். ஆயினும், அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே பாயில் இருத்தி, “நடந்ததைச் சொல்” எனப் பணிக்கும் சமரசத்தில் அவளுக்குச் சொல்லும் சுதந்திரம் இல்லை. அன்றிரவு அவனோடு அதே வீட்டிற்குத் திரும்ப வேண்டியவள் அவள். ஊர் சிறிதாகவும் உறவு நெருக்கமாகவும் உள்ள சமூகத்தில் இரகசியம் காத்தலென்பது ஒருவரின் தனிப்பண்பாக மட்டும் இருத்தல் போதாது. பலர் சேர்ந்து காக்கும் ஒழுக்கமாக அது வளர்தல் வேண்டும். பல்கலைக்கழக விடுதிகளுக்கும் இது பொருந்தும். காதலை முறித்துக்கொண்ட மாணவி எந்த அறையில் இருக்கிறாள், எந்தப் பேருந்தில் ஊருக்குச் செல்கிறாள் என்பதை அவனுக்கு அறிவிக்கும் தோழமை, தோழமை என்னும் பெயருக்கு உரியதன்று.

அதேவேளை, உதவ முன்வருவோர் “இன்றே புறப்படு” என அவளை நெருக்குதலும் தவறாகும். அவனது காலடி ஓசையைக் கொண்டே அவனது மனநிலையை அறியப் பழகியவள் அவள். எந்நாளிற் புறப்படுதல் பாதுகாப்பானது என்பதை அவளைவிட நன்கறிந்தவர் எவருமிலர். அவள் கேட்கும்போது கதவைத் திறத்தலும், அவள் கேளாதவரை அக்கதவு திறந்தே இருக்கும் என உணர்த்தலும், அறிந்ததைப் பிறருக்கு உரையாதிருத்தலும் மற்றவர்க்குரிய கடமைகளாம்.

உண்மை என்பது நம்பிக்கையின் பாற்பட்ட ஒரு கடன். தன் கையாலே அந்நம்பிக்கையை உடைத்தவன் அக்கடனை வசூலிக்க உரிமையுடையவனல்லன். சொல்லாமற் சென்றவளை நோக்கி, “ஏன் சொல்லவில்லை?” எனக் கேட்போர், சொல்லியிருப்பின் அவளைக் காத்திருப்போமா எனத் தம்மைத் தாமே முதலிற் கேட்டறிதல் வேண்டும்.