கண்ணை மூடினால் முருகன் தெரிகிறாரா?

சமய வகுப்பில் தியானம் தொடங்கும்போது, "கண்ணை மூடி முருகனை மனசுல பாருங்க" என்பார்கள். சிலருக்கு வேலும் மயிலும் படமாகவே தெரியும். சிலருக்கு வெறும் இருட்டுதான். அப்படியென்றால் அவங்க பக்தி குறைவா?

இல்லை என்கிறேன் நான். மனக்கண்ணில் படமே தோன்றாத நிலைக்கு 2015-இல் மூளை மருத்துவர் ஆடம் ஜீமனும் அவர் குழுவினரும் 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தார்கள். பிக்சார் நிறுவனர்களில் ஒருவரான எட் கேட்மல் அப்படிப்பட்டவர். திபெத்தியத் தியானத்தில் உருவத்தை மனதில் காண அவரால் முடியவில்லை. ஆனால் முப்பரிமாணக் கணினி வரைகலையின் முன்னோடி அவர்!

என் இன்ஜினியரிங் படிப்பிலும் இப்படித்தான். ஒரு பாகத்தைத் திருப்பினால் எந்த ஓட்டை எந்தப் பக்கம் வரும் என்று படம் தெரியாமலேயே சொல்லலாம். படம் வேறு, எது எங்கே என்ற அறிவு வேறு.

பெரிய புராணத்தில் வரும் பூசலாரிடம் காசில்லை. திருநின்றவூரில் மனதுக்குள்ளேயே கோயில் கட்டினார். அடித்தளம், மதில், கிணறு, குளம் என்று எதையும் விடாமல், குடமுழுக்குக்கு நாள் குறிக்கும் வரை. அதே நாளில் காஞ்சியில் கற்கோயில் விழா வைத்திருந்த மன்னனிடம், "வேறு நாள் பார்" என்றார் சிவன், கனவில். பூசலாருக்குப் படம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் கொடுத்தது கவனம்.

அதனால் இருட்டு மட்டும் தெரிந்தால் எழுந்து போயிடாதீங்க. உங்க ஊர் கோயிலில் கொடிமரம் தாண்டி எங்கே திரும்புவீங்க? அங்கிருந்து மனசுல நடங்க. அதுவும் தியானம்தான்.