கடைசி மூன்று புட்டி

வீட்டிலே பீர் காய்ச்சுவது நல்லதா, கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் புகவில்லை. காய்ச்சியதைப் புட்டியில் அடைக்கிறானே, அந்த மனிதனைப் பற்றித்தான் என் விசாரம்.

இங்கிலாந்தில் இதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று 1963-ல் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் செய்துவிட்டார். தானும் குடிக்கலாம், சிநேகிதருக்கும் கொடுக்கலாம், விற்கத்தான் கூடாது. வழக்கமாக ஒரு தடவைக்கு ஐந்து காலன், அதாவது ஏறக்குறைய 23 லிட்டர். அரை லிட்டர்ப் புட்டி எத்தனை வேண்டும்? பள்ளிக்கூடத்துப் பையன் 46 என்பான். ஆனால் தொட்டியின் அடியில் ஈஸ்ட் மண்டி ஒன்றிரண்டு லிட்டர் உட்கார்ந்திருக்கும். மேலே தெளிந்ததைக் குழாய் வைத்து இறக்கினால் 43 நிரம்பும்.

கழுவிக் கவிழ்த்த புட்டிகளில் மூன்று காலியாக நிற்கின்றன. கணக்கு உதைக்கிறதே என்று தொட்டியைச் சாய்க்கிறான். கலங்கி வருகிறது. 44, 45, 46. ஆயிற்று!

அந்த மூன்றும் யாருக்கு? அதைக் குடித்து யாரும் செத்துவிடப் போவதில்லை, ருசிதான் கெடும். பழுப்புக் கண்ணாடிக்குள் தெளிவும் கலங்கலும் ஒன்றுபோலத்தான் தெரியும். காசு கொடுத்து வாங்கியவனென்றால் சண்டைக்கு வருவான். இனாமாகப் பெற்றவனோ, "பேஷ்!" என்று சொல்லிக்கொண்டே விழுங்குவான். விற்பனை இல்லாத இடத்தில் ஏமாற்று ஏது என்கிறோம். பாருங்கள், கடைக்காரனுக்காவது தராசும் சட்டமும் உண்டு; கொடையாளிக்கு எதிரே இருப்பது வாங்குகிறவனின் கூச்சம் ஒன்றுதான். அதுவும் கொடையாளியின் கட்சி!

மண்டிப் புட்டியின் மூடியில் ஒரு கோடு கிழித்து, தனக்கென்று ஒதுக்கி வைப்பவனும் இருக்கிறான்.