கூடு பார்க்கும் படலம்

மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடக் கரைப் பக்கம் நடந்து பாருங்கள். வயலோரப் பனைமரத்திலோ, கிணற்றின் மேல் சாய்ந்த கிளையிலோ சுரைக்குடுக்கை மாதிரி கூடுகள் தொங்கினால் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

தூக்கணாங்குருவியில் கூடு கட்டுவது ஆண். நெல் தாள், கரும்புத் தோகை, பனையோலை என்று நார் நாராகக் கிழித்து வந்து அலகாலேயே முடிச்சுப் போட்டுப் பின்னும். ஒரு கூட்டுக்கு ஐந்நூறு நடை வரை பறக்குமாம். ஆனால் முழுசாகக் கட்டிவிடாது. ஹெல்மெட்டைக் கவிழ்த்த மாதிரி பாதியில் நிறுத்தி, உள்ளே களிமண் அப்பி வைக்கும். அதில் பூவிதழ் ஒட்டுவதையும் சில இடங்களில் பார்த்திருக்கிறார்கள். (மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்று பாட்டி சொன்னது கதைதான்!) பிறகு சிறகடித்து ஒரே கூப்பாடு. பெண் வரும், உள்ளே நுழைந்து பார்க்கும். சம்மதம் என்றால்தான் மீதிக் கட்டடம். இல்லையென்றால் பாதிக் கூடு காற்றில் ஆட வேண்டியதுதான்.

அலங்காரத்தைப் பார்த்து மயங்கியா பெண் சம்மதிக்கிறது? அங்கேதான் விஷயம். ஆராய்ந்தவர்கள் சொல்வது, கூட்டின் நேர்த்தியைவிட அது தொங்கும் இடத்தைத்தான் பெண் அதிகம் பார்க்கிறது. எந்த மரம், எவ்வளவு உயரம், எந்தக் கிளை. முட்டைக்கு ஆபத்து வருமா என்பதுதான் அதன் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். மாப்பிள்ளை வீட்டில் புதுப் பெயின்ட், புது சோபா, வெள்ளித்தட்டில் பஜ்ஜி. எல்லோரும் அசந்துபோனார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மழை பெஞ்சா இந்தத் தெருவுல தண்ணி நிக்குமா?" 2005-ல் திருச்சிக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவள். சபையில் சிலருக்கு முகம் சுளித்தது. எனக்கு அந்தக் குருவி ஞாபகம் வந்தது.

கதையில் அடுத்த கட்டம் கொஞ்சம் கசக்கும். 1930-ல் பம்பாய்க்குப் பக்கத்தில் கிஹிம் என்ற ஊரில் சாலிம் அலி இந்தக் குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். பெண் கூட்டில் குடியேறியதும் ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடுகிறது, அடுத்த பெண்ணுக்காக! அடைகாப்பது இவள் பாடு.

அப்படியானால் அந்த ஆண் மோசக்காரனா? அவசரப்படாதீர்கள். அது கூடு தருகிறேன் என்றது, தந்தது. கூடு உறுதியாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் அது வாக்குக் கொடுக்கவில்லை. கை வேலை நன்றாக இருப்பதால் மனசும் நன்றாக இருக்கும் என்று முடிச்சுப் போடுவது நாம்தான். நன்றாகப் பேசுகிறவர், நன்றாகப் பாடுகிறவர், பார்த்துப் பார்த்து வீடு கட்டியவர் என்று எத்தனை பேரை இப்படி நல்லவராக்கி ஏமாந்திருக்கிறோம்!

மனிதன் சங்கதி வேறு. நாம் வாக்குக் கொடுக்கிறோம். மண்டபத்தில் போடும் தோரணமெல்லாம் "கடைசிவரை இருப்பேன்" என்பதற்குச் சாட்சி. அதனால்தான் தாலி கட்டியதும் அலங்காரத்தை நிறுத்திவிடுகிறவரைப் பார்த்தால், குருவி மேல் வராத கோபம் வருகிறது.

ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வாருங்கள். பதின்மூன்று நிலை, 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோமே, அது நூற்றாண்டுக்கணக்கில் மொட்டையாக நின்று 1987-ல்தான் முடிந்தது. அதுவரை ரங்கநாதரைப் பார்க்க வருகிறவர்கள் கூட்டம் குறைந்ததா? இல்லை. உள்ளே குடித்தனம் முதலில், வாசல் அலங்காரம் பிறகு.

உங்கள் வீட்டில் எப்படி? பெண் பார்க்கப் போனபோது வாங்கிய மல்லிகைப்பூவைக் கடைசியாக எப்போது வாங்கிக்கொண்டு போனீர்கள்? இன்றைக்குச் சாயந்திரம் ஒரு முழம் வாங்கிப் பாருங்கள்.