துணை நிற்போரின் தவம்

மாற்றம் உலகத்தின் இயல்பு. விதை முளையாகிறது, முளை மரமாகிறது. இயற்கையில் நிகழும் இம்மாற்றங்கள் ஓசையின்றி நடந்தேறுகின்றன. ஆனால் மனிதர்கள் கூடி நடத்தும் ஓர் அமைப்பு மாற வேண்டிய காலம் வரும்போது மட்டும் அச்சமும் சஞ்சலமும் எழுகின்றன. பள்ளியாக இருந்தாலும், தொழிற்சாலையாக இருந்தாலும், ஆலயத்தின் அறங்காவல் குழுவாக இருந்தாலும் இதுவே நிலை. பழையதை விட மனம் வருவதில்லை. புதியதை ஏற்கத் துணிவு பிறப்பதில்லை.

இத்தகைய வேளையில் வெளியிலிருந்து ஒருவர் துணைக்கு வருகிறார். அவர் அரசு அதிகாரியாக இருக்கலாம். நிர்வாக ஆலோசகராக இருக்கலாம். தொண்டு மனப்பான்மையோடு வந்த அன்பராகவும் இருக்கலாம். அவரிடம் கல்வி உண்டு, பணம் உண்டு, நல்லெண்ணமும் உண்டு. இவை மட்டும் போதுமா? கீதையின் மூன்றாம் அத்தியாயம் கற்றறிந்தவனுக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. தன் வழியில் செயல்புரிந்து கொண்டிருப்பவனின் மனத்தைக் குழப்பிவிடக் கூடாது என்பது அதன் கருத்து. திருத்த வருகிறவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது இதில் அடங்கியிருக்கும் பொருள். இவ்வுண்மையை விளக்கும் ஓர் அனுபவப் பாடம் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

மலைநாட்டின் நிலை

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாக மேற்கே சென்றால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி மலைநாடு வரும். அகளி, புதூர், சோலையூர் ஆகிய ஊராட்சிகளைக் கொண்ட இப்பகுதிக்கு அகளியே நடுநாயகமான ஊர். இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர் இங்கே தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். பவானி ஆறு இம்மலைநாட்டைக் கடந்து கிழக்கு நோக்கித் தமிழகத்தில் புகுந்து காவிரியோடு கலக்கிறது.

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இங்கு வாழ்ந்தோரில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். அடுத்து வந்த ஐம்பது ஆண்டுகளில் வெளியிலிருந்து குடியேறியோர் பெருகினர். பழங்குடியினர் பாதிக்கும் குறைவாயினர். காடு அழிந்தது, கிழக்குச் சரிவுகள் மண் அரித்துப் பொட்டலாயின. 1962-இல் கேரளத்தின் முதல் பழங்குடியினர் வளர்ச்சி வட்டாரம் இங்கேதான் தொடங்கப் பெற்றது. அதன் பிறகு திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உதவிக்குக் குறைவில்லை. ஆயினும் உதவி பெற்றவர்கள் தம் சொந்த நிலத்திலேயே கூலிக்காரர்களாகிக் கொண்டிருந்தனர்.

முன்பே இருந்த அமைப்பு

வெளியிலிருந்து வந்தோரில் பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை. இம்மக்களிடம் செம்மையான ஓர் அமைப்பு முன்பே இருந்தது. ஒவ்வொரு குடியிருப்பும் ஓர் ‘ஊர்’. அதன் தலைவர் மூப்பன். ஊரின் பொதுச் சேமிப்பைக் காப்பவர் வண்டாரி. மூப்பனுக்குத் துணையாக நின்று ஊராரைக் கூட்டுபவர் குறுதலை. எந்த நிலத்தில், எந்த நாளில் விதைப்பது என்பதை அறிந்து முதல் விதையை இடுபவர் மண்ணுக்காரன். கேழ்வரகும் சாமையும் திணையும் துவரையும் கலந்து விளைந்த அந்த மலைச்சரிவு, இந்த நால்வரின் பொறுப்புணர்வில் நின்றது.

தலைமை, நிதி, தொடர்பு, உற்பத்தி என்று இன்றைய நிர்வாகவியல் பிரித்துக் கூறும் நான்கும் இங்கே வேறு பெயர்களில் இருந்தன. இதைக் காணாமல் ‘இவர்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று தொடங்கிய எந்த உதவியும் வேர் பிடிக்கவில்லை. நோயாளியின் நாடியைப் பாராமல் மருந்து கொடுப்பவனை வைத்தியன் என்று யார் அழைப்பார்?

ஒப்பந்தக்காரர் இல்லாத வீடு

1995-இல் கேரள அரசு அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. ஜப்பானிய வளர்ச்சி நிதி நிறுவனத்தின் கடனுதவியோடு 219 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று 1996-இல் ஒப்பந்தமாயிற்று. ‘அஹாட்ஸ்’ என்று மக்கள் அழைத்த இக்கழகத்தின் தலைமையகம் அகளியில் அமைந்தது. பொட்டலாகிப் போன நிலத்தை மீட்பதும், அதன்வழி மக்களின் வாழ்வை நிலைநிறுத்துவதும் அதன் நோக்கங்கள்.

இத்திட்டம் முந்தியவற்றினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. ஊர்தோறும் ‘ஊர் விகாசன சமிதி’ அமைக்கப் பெற்றது. என்ன செய்வது, யார் செய்வது, செலவைக் கணக்கிடுவது எப்படி என்பவை ஊர்க் கூட்டத்தின் முன் வைக்கப் பெற்றன. வீடு கட்டும் பணியில் இதன் பலன் தெளிவாகத் தெரிந்தது. அதுவரை பழங்குடியினருக்கான வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினர். இலாபம் அவர்களுக்கு, விரிசல் விட்ட சுவர் குடியிருப்போருக்கு. இப்போது ஊர் சமிதியே வீடு கட்டும் பொறுப்பை ஏற்றது. ஊரின் இளைஞர்கள் கொத்து வேலை கற்றனர். தன் வீட்டுக்குத் தானே கல் எடுத்துக் கொடுப்பவன் சிமெண்டில் மணலைக் கூட்டிக் கலக்க மாட்டான் அல்லவா? சரிவுகளில் கல்வரப்புகளும் தடுப்பணைகளும் எழுந்தன. மரங்கள் தழைத்தன. வறண்டு கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீர் ஓடிற்று.

அதிகாரி மாறவில்லை, சட்டம் மாறவில்லை, பணத்தின் தன்மையும் மாறவில்லை. பொறுப்பு இருந்த கை மாறியது. வேலையின் தரம் அதனால் உயர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கர்ட் லெவின் என்னும் உளவியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். வழக்கமாகச் சமைக்காத சில உணவு வகைகளை இல்லத்தரசிகள் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஒரு சாராருக்குச் சிறந்த சொற்பொழிவு நிகழ்த்தப் பெற்றது. மற்றொரு சாரார் கூடி அமர்ந்து தமக்குள் விவாதித்துத் தாமே முடிவெடுத்தனர். சொற்பொழிவைக் கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேரே அவ்வுணவைச் சமைத்தனர். தாமே முடிவெடுத்தவர்களில் 32 பேர் சமைத்தனர். உபதேசம் செவியோடு நிற்கும். சங்கற்பமே கைக்கு வரும். அகளியின் ஊர்க் கூட்டங்கள் காட்டியதும் இதே உண்மையைத்தான்.

எதை அளப்பது?

ஆயினும் கதை இங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. 2010-ஐ ஒட்டித் திட்டக்காலம் நிறைவுற்றது. கழகத்தின் பணிகள் ஒவ்வொன்றாக ஒடுங்கின. அதை நம்பி உழைத்த உள்ளூர் இளைஞர்கள் பலர் வேலையிழந்தனர். ஊர் சமிதிகளைத் தொடர்ந்து தாங்க வேண்டிய கை எது என்பது தெளிவாகவில்லை.

2013-இல் அட்டப்பாடியிலிருந்து வந்த செய்தி நாட்டையே உலுக்கியது. பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தாய்மாரின் இரத்தசோகை, ஊட்டமின்மை, குழந்தைகளின் குறைந்த பிறப்பு எடை ஆகியவற்றை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். கேழ்வரகும் சாமையும் விளைந்த நிலம் பலரிடமிருந்து கைமாறிப் போயிருந்தது. அத்தானியங்கள் அவர்களுடைய தட்டிலிருந்தும் மறைந்து, நியாயவிலைக் கடை அரிசி அவ்விடத்தைப் பிடித்திருந்தது.

மலை பசுமையாயிற்று, ஆற்றில் நீர் வந்தது, கூரை உறுதியாயிற்று. இவை யாவும் உண்மை. கருவுற்ற தாயின் உடலில் இரத்தம் குறைந்து வந்ததும் உண்மை. ஒரு திட்டத்தின் மீது எல்லாக் குறைகளையும் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் நிறுவனங்களை நடத்துவோர் அனைவரும் இங்கே நின்று சிந்திக்க வேண்டும். நட்ட மரங்களை எண்ணுகிறோம். கட்டிய அறைகளை எண்ணுகிறோம். முகாமுக்கு வந்தவர்களை எண்ணுகிறோம். எண்ணப்படுவது வளர்கிறது, எண்ணப்படாதது கண்ணில் படாமல் தேய்கிறது. ஓர் அமைப்பின் பணித்திறனை அளக்கும் கோல், அவ்வமைப்பிலேயே மிக நலிந்த உயிரைத் தொட வேண்டும். அதைத் தொடாத அளவுகோல் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பயனற்றது.

அடுப்பு யாருடையது?

அந்தத் துயரத்தை அடுத்து ஊர்களில் சமுதாயச் சமையலறைகள் திறக்கப்பட்டன. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் முதியோரும் அங்கே உணவு பெற்றனர். பசித்தவனுக்கு முதலில் சோறு; மற்றவை பிறகு. அதுவே தர்மம். ஆனால் சோறு போடுவது எத்தனை நாளைக்கு என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

1998-இல் கேரளத்தில் தொடங்கப்பெற்ற பெண்கள் இயக்கமான குடும்பஸ்ரீ, தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் சிறப்புத் திட்டமாக 2014 முதல் அட்டப்பாடியில் பணியாற்றத் தொடங்கியது. மற்ற இடங்களில் தான் கடைப்பிடித்த வடிவத்தை அப்படியே இங்கே திணிக்காமல், பழங்குடிப் பெண்களின் ஊர் சமிதி, பஞ்சாயத்து சமிதி, வட்டார சமிதி என்று தனி அடுக்கு அமைத்தது. ஊர் ஊராகச் சென்று ஒருங்கிணைக்கும் பணிக்குப் பழங்குடிப் பெண்களே பயிற்றப்பட்டனர். சமையலறையை அப்பெண்களே நடத்தினர். தரிசாகக் கிடந்த நிலத்தில் கூட்டாக இறங்கி மீண்டும் கேழ்வரகும் சாமையும் விதைத்தனர். 2017-இல் கேரள அரசு சிறுதானிய கிராமத் திட்டத்தையும் இங்கே தொடங்கியது.

துயரம் முற்றிலும் நீங்கிவிட்டது என்று கூற இயலாது. பின்வந்த ஆண்டுகளிலும் குழந்தை மரணச் செய்திகள் வந்தன. ஆனால் பிறர் மூட்டிய அடுப்பில் கைநீட்டி நிற்பவளுக்கும், தன் நிலத்தில் விளைந்ததைத் தன் அடுப்பில் ஏற்றுபவளுக்கும் உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தை ஒருவர் நடந்து கடக்கத் துணை நிற்பதே உண்மையான சேவை.

மூன்று சாதனைகள்

துணை நிற்போர் பயில வேண்டிய சாதனைகள் மூன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

முதலாவது, கேட்டல். வேதாந்தத்தில் சிரவணமே முதற்படி. ஓர் அமைப்புக்குள் நுழைபவர் அங்குள்ள மூப்பன் யார், மண்ணுக்காரன் யார் என்று முதலில் அறிய வேண்டும். ஒவ்வொரு அலுவலகத்திலும் பதவிப் பலகையில் பெயர் இல்லாத ஒரு மண்ணுக்காரன் இருக்கிறான். எந்த இயந்திரம் எப்போது இடறும், எந்த மாணவன் ஏன் வரவில்லை என்பது அவனுக்கே தெரியும். அவன் வாய் திறக்கும்வரை திட்டத் தாள் விரிக்கப்படலாகாது.

இரண்டாவது, ஒப்படைத்தல். ‘நான் செய்தால் விரைவில் முடியும்’ என்ற எண்ணம் தொண்டரைத் தொடரும் நுட்பமான அகங்காரம். பிறர் செய்தால் தாமதமாகும், பிழையும் நேரும். அந்தத் தாமதத்தையும் பிழையையும் பொறுத்துக்கொள்வதே தவம். கொத்து வேலை கற்கும் இளைஞன் கட்டிய முதற்சுவர் சற்றுக் கோணலாக இருக்கலாம். அவன் பத்தாவது சுவரை யாருடைய மேற்பார்வையும் இன்றி எழுப்புவான்.

மூன்றாவது, விலகுதல். இதுவே மிகக் கடினம். செயலின் பயனைத் துறத்தல் என்பது புகழைத் துறப்பதோடு முடிவதில்லை. தான் இன்றியமையாதவன் என்ற எண்ணத்தையும் துறக்க வேண்டும். எப்போது விலகுவோம், யாரிடம் எதை விட்டுச் செல்வோம் என்பதை வந்த முதல் நாளே எண்ணத் தொடங்க வேண்டும். நிதி தீர்ந்த நாளில் திடீரென விலகுவது துறவு ஆகாது, அது கைவிடுதல். தாங்கும் கை உறுதியான பின் மெல்ல விலகுவதே துறவு. குழந்தை நடை பழகும்போது தாய் தன் விரலை எப்படி விடுவிக்கிறாளோ, அப்படி.

தன் பொறுப்பிலுள்ள பள்ளியையோ மருந்தகத்தையோ தொழிலையோ ஒவ்வோர் அன்பரும் இக்கண்கொண்டு ஒருமுறை நோக்கட்டும். ‘நான் இல்லாத ஓராண்டில் இது எப்படி நடக்கும்?’ என்ற கேள்வியைத் தனிமையில் அமர்ந்து கேட்டுக்கொள்ளட்டும். அதற்கு வரும் விடையே அவருடைய பணியின் உண்மையான மதிப்பெண்.

அட்டப்பாடியின் மீது மல்லீஸ்வரன் முடி என்னும் சிகரம் உயர்ந்து நிற்கிறது. அதையே சிவலிங்கமாக அம்மக்கள் வழிபடுகின்றனர். சிவராத்திரியன்று விரதமிருந்த பழங்குடியினர் அச்சிகரத்தில் ஏறித் தீபம் ஏற்றுகின்றனர். எத்தனையோ திட்டங்களும் அலுவலகங்களும் அந்த அடிவாரத்துக்கு வந்து போயின. மேலே ஒளிரும் விளக்குக்கு எண்ணெயும் திரியும் கொண்டு ஏறுபவர்கள் அம்மண்ணின் மக்களே. வெளியிலிருந்து வருவோர் ஏறும் வழியில் கிடக்கும் முள்ளை அகற்றலாம். களைத்தவனுக்குத் தண்ணீர் தரலாம். விளக்கை ஏற்றும் உரிமையை மட்டும் அவர்களிடமே விட்டுவிட வேண்டும். அந்தப் பணிவை நம் அனைவருக்கும் இறைவன் அருள்வானாக.