தேவகியின் துயரம்

உத்ஸவ காலத்தில் ஈக்காட்டுத்தாங்கல் வீதிகளில் குழந்தையைத் தோளில் சுமந்து பெருமாளை ஸேவிக்க வருவோர் பலர். கூட்டத்தில் குழந்தையின் கை நழுவிவிட்டால் அரை நாழிகைக்குள் தாய் படும் பாடு யாவரும் அறிந்ததே. அந்த அரை நாழிகை வருஷக்கணக்காக நீண்டுவிட்ட குடும்பங்களும் இந்தச் சென்னையிலேயே உண்டு.

1999-ஆம் ஆண்டு புளியந்தோப்பில் நடைபாதையில் வாழ்ந்த ஏழைத் தம்பதியரின் சிறு பிள்ளை காணாமற்போனான். 2005-இல் போலீஸ் விசாரணையின்போது, கடத்தப்பட்ட குழந்தைகள் தத்து நிறுவனமொன்றிற்கு விற்கப்பட்டு, பொய்ப் பத்திரங்களுடன் ஆஸ்திரேலியா, நெதர்லாந்து முதலிய தேசங்களுக்கு அனுப்பப்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று. தங்கள் பிள்ளை நெதர்லாந்தில் வளர்வதாகக் கருதிய அப்பெற்றோர், மரபணுப் பரிசோதனை கோரி அத்தேசத்து நியாயஸ்தலத்தை அணுகினர். 2010-இல் அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

"எங்கேயோ செல்வமாக வளர்கிறானே, அது போதாதா? கண்ணனே ஓரிடத்தில் பிறந்து மற்றோரிடத்தில் வளரவில்லையா?" என்று ஆறுதல் சொல்வாருண்டு. இவ்வாறுதல் ஆராயத்தக்கது.

கண்ணனை ஆய்ப்பாடிக்குச் சுமந்து சென்றவர் தந்தையான வஸுதேவர். தேவகி அறியவே அது நடந்தது. ஆபத்துக் காலத்தில் தாயோ தந்தையோ அன்புடன் நீர் வார்த்துக் கொடுக்கும் பிள்ளையே தத்தபுத்ரன் என்பது மநு ஸ்ம்ருதி கூறும் லக்ஷணம். வஸிஷ்ட தர்மஸூத்ரம் இன்னும் கண்டிப்பானது. ஏக புத்ரனைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. தத்தெடுப்பவன் பந்துக்களைக் கூட்டி, அரசனுக்கு அறிவித்து, வீட்டின் நடுவே ஹோமம் செய்தே ஏற்க வேண்டும் என்கிறது. ஊரறியச் செய்ய வேண்டும் என்பதே கருத்து. 1984-இல் லக்ஷ்மிகாந்த் பாண்டே வழக்கில், பெற்றோர் விளைவை உணர்ந்தே, நிர்ப்பந்தமின்றிச் சம்மதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இதற்கு அயலன்று. திருடிச் சென்றதற்குத் தத்தம் என்ற பெயரே பொருந்தாது, கொடுத்தவர் எவருமில்லையே!

இதனால் தத்தெடுப்பதைப் பழித்ததாகாது. துளஸி வனத்தில் ஆண்டாளைக் கண்டெடுத்த பெரியாழ்வார் எவர் மடியையும் வெறுமையாக்கவில்லை. யசோதையின் நிலையோ நுட்பமானது. அவள் உறங்குகையிலேயே அவள் பெற்ற பெண் எடுத்துச் செல்லப்பட்டாள்; அவள் அதை அறியவில்லை. உபந்யாஸங்களில் இவ்விடம் ஏனோ விரைந்து கடக்கப்படுகிறது. தன் பிள்ளையென்றே நம்பி வளர்த்தவளின் அன்பு பொய்யாகுமோ? ஆகாது. பத்திரங்களை நம்பிக் குழந்தையை ஏற்ற அயல்தேசத்தாருக்கும் இது பொருந்தும். ஆனால் அவ்வன்பு மெய் என்பதனால் பெற்றவளின் இழப்புத் தீர்ந்துவிடுவதில்லை. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் தேவகியின் புலம்பலாகவே அருளிச்செய்தார். பிள்ளை நலமாயிருப்பதை அவள் அறிவாள். அவனுடைய மழலைப் பருவம் தனக்கு வாய்க்காமற்போனதே அவள் துயரம்.

ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தில் இன்னுமொரு வரலாறு உண்டு. துவாரகையில் ஸகல பாக்யங்களும் பெற்று, பகவானே பிள்ளையாக அருகிலிருந்தும், கம்ஸன் கொன்ற ஆறு குழந்தைகளையும் காண வேண்டுமென்று தேவகி கண்ணீர் விட்டாள். அவர்கள் மாண்டு எத்தனையோ ஆண்டுகள் கழிந்திருந்தன. "இன்னுமா அழுகிறாய்?" என்று கண்ணன் கேட்கவில்லை. அர்ஜுனனுக்கு உபதேசித்தவன் தாய்க்கு வேதாந்தம் சொல்லவில்லை. பலராமனுடன் ஸுதல லோகம் சென்று, மஹாபலியிடமிருந்து அவர்களை அழைத்து வந்தான். தேவகி அவர்களை மடியில் இட்டு, உச்சி முகர்ந்து, பாலூட்டினாள். பின்னர் அவர்கள் அவளை வணங்கித் தேவலோகம் சென்றனர்.