தலைவெட்டி என்னும் பெயர்

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகைகளை ஆராயும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் வாயில்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைக் கூறுகிறது. விலங்குக்கும் கள்வருக்கும் அஞ்சுவது எக்காலத்தவருக்கும் விளங்கும். ஆள்பவரையும் அதே பட்டியலில் வைத்த துணிவு தனியே வியக்கத்தக்கது. எஞ்சி நிற்கும் அணங்கு என்பது மலை, நீர்த்துறை, மரம் போன்ற ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு, அங்கு வருவோரை வருத்துவதாகப் பழந்தமிழர் கருதிய ஆற்றலாகும். சொல் வழக்கொழிந்துவிட்டது, ஆனால் அது குறித்த பொருள், சிறுவர்கள் வாழும் எந்தத் தெருவிலும் இன்றும் ஏதோ ஒரு மூலையில் குடியிருக்கிறது.

சேலம் சந்திப்பு ரயில் நிலையம் அமைந்துள்ள சூரமங்கலத்தைப் போன்ற ஒரு பகுதியில் வளர்ந்தவரின் நினைவில், அந்த மூலை பெரும்பாலும் தண்டவாளத்தை ஒட்டிய புளியமரமாகவோ இறைப்பு நின்றுபோன கிணறாகவோ இருக்கும். உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் போனால் ‘முனி அடிச்சிரும்’ என்றும், விளக்கு வைத்த பிறகு போனால் ‘காத்து கருப்பு’ பிடிக்கும் என்றும் வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பர். கிணற்றில் விழாமலும் ரயிலில் அடிபடாமலும் பிள்ளைகளைக் காப்பதற்கென்றே இக்கதைகள் புனையப்பட்டன என்பது படித்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அதில் உண்மை உண்டெனினும், அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஏனெனில் கிணற்றின் ஆழத்தைக் காட்டிப் பயமுறுத்துவதே போதுமென்றிருக்க, கதை எப்போதும் அதில் விழுந்து இறந்த ஒருத்தியைத் தேடிச் செல்கிறது. அவள் ஏன் விழுந்தாள் என்பதைச் சொல்லாமல், அவள் இழுத்துக்கொள்வாள் என்பதை மட்டும் அது சொல்லிவைக்கிறது.

இவ்வாறு துன்புற்றவர் துன்புறுத்துபவராக மாறும் விந்தையைச் சேலம் மாநகரிலேயே, பெரியேரிப் பகுதியில் உள்ள ஒரு கற்சிலையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்டு வந்த அச்சிலை புத்தருடையது எனக் கூறி, சேலத்தைச் சேர்ந்த புத்தர் அறக்கட்டளை சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றத்தின் ஆணைப்படி தொல்லியல் துறையினர் சிலையை ஆராய்ந்தனர். தாமரைப் பீடத்தில் அமர்ந்த நிலை, தியான முத்திரை எனப்படும், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், சுருள்முடி, நீண்ட காதுமடல் ஆகியவற்றைக் கொண்டு அது புத்தர் சிலையே என அறிக்கை அளித்தனர். துண்டிக்கப்பட்ட தலை, பிற்காலத்தில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த கலவையால் உடலோடு ஒட்டப்பட்டிருந்ததையும் அவர்கள் குறித்தனர். 2022 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், சிலை இருக்கும் இடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கவும், அங்கு பூசை முதலியன நடத்தாமல் இருக்கவும், அது புத்தர் சிலை என்று பலகை வைக்கவும் ஆணையிட்டார்.

முனி என்னும் சொல்லே இங்கு இரு பக்கமும் கூருடையது. சாக்கியமுனி என்று புத்தரை வழங்கும்போது அது துறவியைக் குறிக்கிறது. தமிழில் முனிதல் என்பதோ சினத்தல். சேலம், தருமபுரிப் பகுதிகளில் அரிவாளும் முறுக்கு மீசையும் உருட்டிய விழியுமாக, கிடாயும் சேவலும் பெற்று வீற்றிருக்கும் முனியப்பன் இந்த இரண்டாம் பொருளின் உருவம். அவரது வரிசையில் கண்மூடி அமர்ந்த ஒருவரும் இடம் பெற்றது சொல்லின் விளையாட்டாகவே தோன்றலாம். ஆனால் அதைவிட நுட்பமானது முன்னால் உள்ள அடைமொழி. மரத்தை வெட்டுபவன் மரம்வெட்டி. அவ்விலக்கணப்படி தலைவெட்டி என்பது தலையை வெட்டுபவனுக்கே உரிய பெயர். வெட்டுண்ட தலையைக் குறிக்க எழுந்த பெயரே, கேட்கும் சிறுவனின் செவியில், வெட்ட வருபவனின் பெயராக ஒலிக்கிறது. வெட்டுப்பட்டது கல், வெட்டும் பழியைச் சுமந்ததும் அதே கல்.

இதற்காக வழிபட்டவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. உடைந்த சிலையை எறிந்துவிடாமல், தலையை எடுத்து ஒட்டி, அஞ்சியும் நேர்ந்தும் காத்தவர்களின் கைகளைக் கடந்தே அக்கல் ஆய்வாளர்களிடம் வந்து சேர்ந்தது. அச்சம் ஒன்றை உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் அதன் கதையைத் தலைகீழாக வைத்திருக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. தீப்பாய்ந்தம்மன் என்று கோயில் கொண்ட பெண்களும் இவ்வகையினரே: அவர்களுக்குப் பொங்கல் உண்டு, படையல் உண்டு; தீயை மூட்டியவர்கள் யார் என்ற பேச்சு மட்டும் அரிது.

வளர்ந்து திரும்பி வருபவர், கிணறு மூடப்பட்டு அதன்மேல் வீடு எழும்பியிருப்பதைக் கண்டு, தம் பழைய நடுக்கத்தை எண்ணிச் சிரித்துக்கொள்வது இயல்பு. அத்துடன் நில்லாமல், விழுந்தவளின் பெயர் என்ன, எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்று தெருவின் மூத்த பெண்மணியிடம் கேட்பாராயின், பேயைப் பற்றி உரக்கப் பேசிய அதே குரல் தணிந்து, ‘அதெல்லாம் இப்ப எதுக்குக் கண்ணு’ என்று சொல்லி, எதிர்வீட்டுத் திண்ணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளும்.